அகழி சரிந்த இடம்

உக்காருங்க மேடம். அந்த ஸ்டூல் ஆடும், இந்தக் கட்டில்ல உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா? எஸ்டேட்டு கீழ் டிவிஷன்ல இருந்து தூக்கிட்டு வந்த தண்ணிதான். யோசிக்காம குடிங்க, ஒத்தை ஆளுக்கு எவ்வளவு தண்ணி ஆகப்போகுது.

அகழி விசயமாத்தானே வந்திருக்கீங்க? ஜீப் சத்தம் கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சு. இந்த ரோட்டுல ஜீப் ஏறி எத்தனை மாசம் ஆச்சு. யானை அகழி ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்கு, யாரு சரிச்சதுன்னு பாத்துட்டு வாங்கன்னு ஃபாரஸ்ட் ரேஞ்சு ஆபீஸ்ல அனுப்பியிருப்பாங்க. யானைதான் மேடம், வேற யாரு? கரையில நின்னுக்கிட்டு முன்னங்காலால மண்ணை உதைச்சு உதைச்சு குழிக்குள்ள தள்ளும். சரிவு ஆனதும் இந்தப் பக்கம் எறங்கி அந்தப் பக்கம் ஏறிப் போயிரும். அதுக்கு இருக்கிற புத்தியில கால்வாசி எங்க தேயிலை எஸ்டேட் ஆபீஸ்ல எவனுக்கும் கிடையாது.

எதுக்குச் சிரிக்கிறீங்க? சரி, சிரிங்க. இந்த வீட்டுல ஒருத்தர் சிரிச்சும் ரொம்ப நாளாச்சு. கட்டன் டீ போடுறேன், பால் இல்லை.

என் பேரு சுடலைமுத்து. இந்த டிவிஷன்ல யாரை வேணும்னாலும் கேளுங்கன்னு சொல்லியிருப்பேன், கேக்கிறதுக்கு ஆளு இல்லை. இருந்த காலத்துல கேட்டிருந்தா, 'யாரு, மழைக்காரரா?'ன்னு கேட்டிருப்பாங்க. ஆபீஸ்ல தபால் வேலை எனக்கு. அதோட மழை எடுக்கிற வேலையும். இப்ப தபால் நின்னுபோச்சு, மழை மட்டும்தான். அந்தா, கம்பி வேலிக்குள்ள செம்புக் குழாய் மாதிரி ஒண்ணு நிக்குது பாருங்க, அதுதான் மழைமானி. தினம் காலைல எட்டரைக்கு அதுல விழுந்த தண்ணியைக் கண்ணாடிக் குடுவையில ஊத்தி அளந்து எழுதணும். பக்கத்துல வெள்ளைப் பெட்டி, அதுக்குள்ள சூடு, குளிர் பாக்கிற கருவி. முப்பத்தியோரு வருசமா இந்த வேலை. என் கல்யாணத்தன்னைக்கும் அளந்துட்டுத்தான் தாலி கட்டப் போனேன். ஒன்பதரைக்கு முகூர்த்தம். பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளையைக் காணோம்னு கோயிலைச் சுத்தித் தேடுறாங்க, நான் இங்க குனிஞ்சு நின்னு பன்னெண்டு மில்லிமீட்டர்னு எழுதிக்கிட்டு இருக்கேன். பூரணம் அதை வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லுவா. பூரணம், என் வீட்டுக்காரி. பெருமைக்குச் சொல்றான்னுதான் நான் நெனச்சிருந்தேன்.

அவ இப்ப திருப்பூர்ல மக வீட்டுல இருக்கா. சும்மா போயிருக்கா. மூணு வருசம் ஆச்சு.

நீங்க யானையைக் கேட்டீங்க, நான் எங்கேயோ போறேன். பேச ஆளு கிடைச்சா இப்படித்தான் ஆயிருது. ஐப்பசி அடைமழை விட்டதும் வரும் மேடம். பதினொண்ணு, பன்னெண்டு உருப்படி. முன்னால ஒரு கிழட்டுப் பொட்டை. இடது காது கிழிஞ்சிருக்கும். கேரளாப் பக்கத்துல இருந்து ஏறி, வரிசையா நிக்கிற இந்த ஆறு லைன் வீட்டுக்கும் பின்னால நடந்து, கீழ பள்ளத்துல எறங்கும். சேத்துப் பள்ளம்னு சொல்லுவோம். ஆளு உயரத்துக்கு நாணல் நிக்கும். அதைப் பிடுங்கித் தின்னு, மிதிச்சு, உருண்டு, நாலு நாள்ல பள்ளத்தையே உழுது போட்டுரும். கால் வச்ச இடமெல்லாம் அண்டா அளவுக்குக் குழி. அந்தக் குழியில எல்லாம் தண்ணி நிக்கும், சித்திரை வரைக்கும் வத்தாது. தவளைச் சத்தம் காதைப் பிளக்கும். அந்தக் காது கிழிஞ்சவ நேரா பாறை ஓரத்துக்குப் போவா. அங்க மண்ணை உதைச்சுத் தள்ளிட்டு ஊத்துல வாயை வச்சு உறிஞ்சுவா. வருசா வருசம் அதே எடம். அந்த ஊத்துல இருந்துதான் எங்க ஆறு வீட்டுக்கும் குழாய் போட்டிருந்தது. அப்ப நான் அதையெல்லாம் சேத்து யோசிக்கலை. யானை வருது, அசிங்கம் பண்ணுது, போகுது. அவ்வளவுதான் எனக்கு.

யானை வர்ற நாள்ல லைன் சனம் பூரா எங்க வீட்டுக்கு வந்துரும். இது ஒரு காலத்துல உரம் வைக்கிற கொட்டடி, சுவரெல்லாம் கல்லு. மத்த வீட்டுச் சுவர் யானை மூச்சு விட்டாலே விழுந்துரும். பொழுது சாயுறப்ப பாயைச் சுருட்டிக்கிட்டு இருபது, இருபத்தஞ்சு பேரு வந்துருவாங்க. இந்த ஒத்தை அறையில. ஃபேக்டரியில பாய்லர் பாத்த இஸ்ரவேல் தகர டின்னைத் தட்டி விரட்டுறேன்னு கிளம்புவான், அவன் சம்சாரம் சட்டையைப் பிடிச்சு உக்கார வைக்கும். பூரணம் கப்பைக்கிழங்கு அவிச்சுப் போடுவா. எல்லாருக்கும் கட்டன் டீ. ஒரே பேச்சு, கேலி. எனக்கு அந்தக் கூட்டமே ஆகாது மேடம். காலைல எந்திரிச்சு மழை எடுக்கிறவன் நான். ஆனா வெளிய போக முடியாது, யானை நிக்குது. வேற வழியில்லாம பூரணம் பக்கத்துல உக்காந்திருப்பேன்.

அவ என் மணிக்கட்டைப் பிடிச்சுக்குவா. இருட்டுறதுக்கு முன்னால சன்னல் வழியாப் பாத்துக்கிட்டே, 'அந்தா குட்டி, போன வருசம் தாய்க்கு அடியில நடந்துச்சே, அதுதான்'னு சொல்லுவா. நான் பயப்படுறான்னு நெனச்சு, 'கல்லுச் சுவர் பூரணம், ஒண்ணும் ஆகாது'ன்னு சொல்லுவேன்.  அவ கையை விடமாட்டா.

ஏழு வருசத்துக்கு முன்னால ஒரு ஐப்பசியில, மழை விடுறதுக்கு முன்னாலயே வந்து, அந்தக் காது கிழிஞ்சவ மழைமானியில போய் முதுகைத் தேய்ச்சா. கம்பி வேலியோட அடியோட சாஞ்சுபோச்சு. குடுவை நொறுங்கிப்போச்சு. கோயம்புத்தூர்ல இருந்து புதுசு வர மூணு நாள். நல்ல மழை மேடம் அந்த மூணு நாளும். அவ்வளவும் அளக்காம மண்ணுல போச்சு. நோட்டுல மூணு கட்டம் காலி. காய்ச்சலோட எடுத்திருக்கேன், எங்கப்பா செத்தன்னைக்கு எடுத்திருக்கேன். இருபத்திநாலு வருசத்துல ஒரு கட்டம் காலியா விட்டவன் இல்லை. அந்தப் பக்கம் வந்தா வேகமாப் புரட்டிருவேன்.

நான்தான் மனு எழுதினேன். யானை வழியை மறிச்சு அகழி வெட்டணும்னு. உயிருக்கு ஆபத்துன்னு எழுதினேன், மழைமானின்னு எழுதினா எவன் வெட்டுவான்? லைன் பூரா கையெழுத்து வாங்கினேன். பூரணம்கிட்ட நீட்டினேன். அரிசியில கல்லு பொறுக்கிக்கிட்டு இருந்தவ, 'எனக்குக் கையெழுத்துப் போட வராது'ன்னுட்டா. மகளுக்கு வாராவாரம் ரெண்டு பக்கம் லெட்டர் எழுதுறவ. ஏதோ ஞாபகத்துல சொல்லிட்டான்னு நானே அவ பேரை எழுதிக்கிட்டேன்.

ஆமா மேடம், அவ கையெழுத்தை நான்தான் போட்டேன். அது ஒரு தப்பா?

எட்டடி ஆழம், ஆறடி அகலம். மலைச்சரிவுல இருந்து பாறை வரைக்கும் வெட்டினாங்க. அந்த வருசம் யானை வந்து அந்தாண்ட கரையில ரெண்டு நாள் நின்னுச்சு. பிளிறக்கூட இல்லை. அந்தக் கிழவி கரை ஓரமா மேலயும் கீழயும் நடந்து பாத்தா. மண்ணை உதைச்சுப் பாத்தா. புதுசா வெட்டின மண்ணு, கல்லு மாதிரி இறுகிக் கிடந்துச்சு. அப்புறம் கூட்டத்தோட போயிட்டா. எனக்குத் துண்டு போத்தினாங்க மேடம், லைன்ல. இஸ்ரவேல் கை தட்டினான். பூரணம் அன்னைக்குக் கிழங்கு அவிக்கலை.

முதல் வருசம் நிம்மதி. காலி கட்டமே கிடையாது. ரெண்டாவது வருசம் பள்ளத்துல நாணல் திங்க ஆள் இல்லாம அப்படியே சாஞ்சு அழுகிக் கிடந்துச்சு. அதுக்கு மேல முள்ளு முள்ளா உண்ணிச்செடி ஏறிடுச்சு. நடந்து பாக்கக்கூட வழி இல்லை. கால் குழியெல்லாம் தூர்ந்துபோச்சு. மூணாவது வருசம் மார்கழியிலயே குழாய்ல காத்து வந்துச்சு. போய்ப் பாத்தா ஊத்து வாயில ஆளு உயரத்துக்கு மண்ணு அடைச்சுக் கிடக்கு. மம்பட்டியால ரெண்டு நாள் தோண்டினோம், நாலாம் நாள் திரும்ப அடைச்சுக்கிச்சு. நாங்க தோண்டுறது ஒரு குழி. யானை பள்ளத்தையே கலக்கி வச்சிருந்துச்சு.

இதுல ஒரு விசயம் கேளுங்க. மழை குறையலை. நான் அளக்கிறேன்ல, எனக்குத் தெரியாதா. அதே மழைதான், ஒரு கை முன்னப்பின்ன. ஆனா தை மாசம் விடிஞ்சா பள்ளத்துல இருந்து பனி எந்திரிச்சு வீடு வரைக்கும் வரும் பாருங்க, அது நின்னுபோச்சு. வெள்ளைப் பெட்டியில பகல் சூடு ஒரு டிகிரி கூட, அடுத்த வருசம் ஒண்ணரை டிகிரி கூட. கருவி கெட்டுப்போச்சுன்னு நான் சண்டை போட்டுப் புதுசு வாங்கினேன். புதுசும் அதையே காட்டுச்சு. பள்ளத்துக்குக் கீழ இருக்கிற தேயிலை மாசி மாசமே கருகிப்போச்சு.

ஒரு தம்பி வந்தான், காலேஜ்ல இருந்து, என் பழைய நோட்டை எல்லாம் போட்டோ எடுக்க. அவன் வெள்ளைப் பெட்டி கணக்கைப் பாத்துட்டு, 'இந்த வருசத்துல இங்க என்ன நடந்துச்சு அண்ணே?'ன்னு கேட்டான். ஒண்ணும் நடக்கலைன்னேன். 'பெரிய மரம் எதையும் வெட்டினாங்களா?' இல்லை. 'யானை வந்துக்கிட்டு இருந்துச்சா?' வந்துச்சு, இப்ப நிறுத்தியாச்சுன்னு நெஞ்சை நிமித்திச் சொன்னேன். அந்தத் தம்பி போட்டோ எடுக்கிறதை நிறுத்திட்டான். பெரிய மிருகம் நடக்கிற நிலம் ஒரு மாதிரி, நடக்காத நிலம் வேற மாதிரி ஆயிரும்னான். அது புல்லைத் தின்னு, சேத்தைக் கலக்கி, சாணியில விதையைப் போட்டு, ஈரத்தைப் பிடிச்சு வைக்குதாம். ஈரம் போனா அந்த எடத்துக் குளிரும் போயிருமாம். 'ஓஹோ, யானைதான் குளிரடிக்க வைக்குதா, அப்ப எங்க வீட்டு அடுப்புலயும் ஒண்ணைக் கட்டிப் போடுவோம்'னு நான் கிண்டல் பண்ணினேன். பூரணம் டீ டம்ளரை வச்சுட்டு உள்ள போயிட்டா.

குழாய் நின்னதும் ஒவ்வொரு வீடாப் பூட்டினாங்க. கீழ இருந்து குடம் தூக்க யாரால முடியும்? ஒரு கிலோமீட்டர் ஏத்தம். இஸ்ரவேல் குடும்பம் வால்பாறை டவுனுக்குப் போச்சு. மத்தவங்க திருப்பூர், பல்லடம்னு மில்லுக்குப் போனாங்க. கடைசில நானும் பூரணமும். ஒருநாள் குடத்தை இறக்கி வச்சுட்டு மூச்சு வாங்க நின்னா. 'மகளைப் பாத்துட்டு வர்றேன்'னா. எப்ப வருவேன்னு கேட்டேன். 'பாப்போம்'னா. எனக்கு எட்டரை ஆகப்போகுது, நான் குடுவையைத் தேடிக்கிட்டு இருந்தேன். பஸ் ஏத்திவிடக்கூடப் போகலை.

ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா. சாப்டீங்களான்னு கேப்பா. சாப்டேம்பேன். 'யானை வந்துச்சா?'ன்னு கேப்பா. 'வரலை பூரணம். ஒண்ணு கூட வரலை. தைரியமா வா'ம்பேன். 'சரி'ன்னு வச்சிருவா. நாப்பது செகண்ட் மேடம். போன்லயே காட்டுமில்ல. ரெண்டரை வருசமா ஒவ்வொரு வாரமும் நாப்பது செகண்ட், நாப்பத்தஞ்சு செகண்ட். யானைக்குப் பயந்துக்கிட்டுத்தான் வரமாட்டேங்கிறான்னு நான் ஒவ்வொரு வாரமும் அடிச்சுச் சொல்லுவேன், வரலை, வராது, என்னைத் தாண்டி வராதுன்னு.

இந்த வருசம் ஆடியில மழை விடாம அடிச்சது. பதினெட்டு நாளா நான் ஒரு மனுசனோட பேசலை. பேசுறதுக்கு வாயைத் திறந்தா சத்தம் கரகரன்னு வருது. ஞாயித்துக்கிழமை அவ கேட்டா, 'யானை வந்துச்சா?' அந்த நாப்பது செகண்ட் முடியப்போகுதேன்னு இருந்துச்சு எனக்கு. என்ன சொல்றேன்னு தெரியாமலே, 'ஒண்ணு வந்துச்சு. அகழிக்கு அந்தாண்ட நிக்குது'ன்னுட்டேன்.

முப்பத்தியோரு வருசத்துல நான் ஒரு மில்லிமீட்டர் பொய் எழுதினவன் இல்லை மேடம்.

அவ போனை வைக்கலை. காது கிழிஞ்சிருக்கான்னு கேட்டா. ஆமான்னேன். மெலிஞ்சு போச்சான்னு கேட்டா. கொஞ்சம்னேன். குட்டி இருக்கா, பெரிசாயிருச்சா, என்ன தின்னுச்சு, உங்களைப் பாத்துச்சா. இஸ்ரவேல் சம்சாரம் சட்டையைப் பிடிச்சு இழுத்ததைச் சொல்லிச் சிரிச்சா. 'அப்பல்லாம் நீங்க என் பக்கத்துல உக்காந்திருப்பீங்க'ன்னா. பதினாலு நிமிசம். வச்சதுக்கு அப்புறம் போனைக் கையில பிடிச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியலை. அன்னைக்குத்தான் மேடம் எனக்குப் புரிஞ்சுச்சு, அவ எதுக்கு அந்தக் கேள்வியைக் கேட்டுக்கிட்டு இருந்தான்னு. யானை வரலைன்னு சொல்லிச் சொல்லி நான் ரெண்டரை வருசமா அவளையே வராதே வராதேன்னு சொல்லி வச்சிருக்கேன்.

அப்புறம் வாராவாரம் பொய்தான். கிழவி கரையை உதைக்கிறாம்பேன். குட்டி எட்டிப் பாக்குதும்பேன். சொன்னதை உண்மையாக்கணுமே, அதுக்காகத்தான் மம்பட்டியை எடுத்தேன்.

தெரியும், நீங்க வந்தவுடனே பாத்துட்டீங்க. யானைக்கு மம்பட்டி பிடிக்கத் தெரியுமான்னு மனசுக்குள்ள கேட்டுத்தான் சிரிச்சீங்க. வெட்டு அவ்வளவு நேரா இருந்தா பச்சைப்புள்ளை கூடக் கண்டுபிடிச்சிரும். தினம் எட்டரைக்கு மழை எடுத்துட்டு எறங்கிருவேன். இந்தப் பக்கக் கரை முடிஞ்சுது. அந்தப் பக்கம் பாதி இருக்கு. அம்பத்தெட்டு வயசு மேடம், ஒரு நாளைக்கு முப்பது சட்டிக்கு மேல மண்ணு அள்ள முடியலை. பள்ளத்துல உண்ணிச்செடியும் ஒரு பக்கம் வெட்டி வச்சிருக்கேன், கிழவி எறங்க வழியா.

வெள்ளிக்கிழமை ஜேசிபி வந்து திரும்பத் தோண்டிருமா? ஆபத்துன்னு சொல்றீங்க. யாருக்கு ஆபத்து? ஆறு வீட்டுல அஞ்சு பூட்டு. என்னை மிதிச்சா ஒரு ஆளு. சட்டம் உங்களுக்கு இருக்கும், கேஸ் போடணும்னா போடுங்க, நான் எங்க ஓடப்போறேன். ஆனா அதுங்களை விட்டாத்தான் மேடம் அந்தப் பள்ளம் திறக்கும். இந்த வருசமே பனி வந்துரும்னு நான் சொல்லலை. நான் கெடுத்ததுக்கு ஏழு வருசம் ஆச்சு, சரியாகிறதுக்கு இன்னும் எத்தனை வருசமோ. அந்தக் கிழவி உயிரோட இருக்காளான்னே எனக்குத் தெரியாது. மூணு நாளைக்கு முன்னால அடுத்த எஸ்டேட்ல ஒரு கூட்டம் நின்னுச்சுன்னு பஸ்காரர் சொன்னாரு. காது கிழிஞ்சிருந்துச்சான்னு கேட்டேன், அவர் என்னை ஒரு மாதிரி பாத்தாரு.

இப்ப என் கஷ்டம் ஜேசிபி இல்லை. போன ஞாயித்துக்கிழமை பூரணம் சொல்லிட்டா, 'சனிக்கிழமை வர்றேன், அதுங்களை ஒரு தடவை பாக்கணும்'னு. பொள்ளாச்சியில இருந்து வர்ற பதினோரு மணி பஸ். இங்க யானையும் இல்லை, தண்ணியும் இல்லை, ஒரு சனமும் இல்லை. பாதி சரிச்ச அகழியும் நானும்தான் இருக்கோம். நெசத்தைச் சொல்லிரலாம்னு இருக்கேன். 'யானை வரலை பூரணம், நான்தான் வழி வெட்டிக்கிட்டு இருக்கேன்'னு.

நீங்க பொம்பளைப்புள்ளை, உங்களுக்குத் தெரியும். இதை அவ பஸ்ல இருந்து எறங்குறதுக்கு முன்னாலயே சொல்லணுமா மேடம்? இல்லை, எறங்கி, பஸ் போனதுக்கு அப்புறம் சொல்லலாமா?